பேட்டாவைக் கூட்டுவதற்கு முன்: லாரி ஷெட்டுக்குப் புதிதாக வந்த மேனேஜருக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒரு லாரி ஷெட்டில் டிரைவர்களைக் கவனிக்கும் மேனேஜராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரமே மூன்று புகார்கள் உங்கள் மேசைக்கு வந்துவிடும். மைலேஜ் விழுந்துவிட்டது, டயர் சீக்கிரம் தேய்கிறது, லோடு சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றுக்கும் ஷெட்டில் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: "டிரைவர் சரியில்லைங்க." கூடவே ஒரு யோசனையும் வரும்: "மைலேஜுக்கு ஒரு போனஸ் போட்டு விடுங்க, தானா சரியா ஓட்டுவாங்க."

அந்தப் போனஸை உடனே போட்டுவிடாதீர்கள். "சரியில்லை" என்று சொல்லப்படுபவர்களில் சிலருக்கு அந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. சிலருக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று, கை இன்னும் பழகவில்லை. சிலருக்கு எல்லாம் தெரியும், கையும் பழகியிருக்கிறது, செய்ய மனசு வரவில்லை. முதல் இரண்டு வகையினருக்குப் பணத்தைக் காட்டினால் குறுக்குவழி தேடுவார்கள். மூன்றாவது வகையினரை வகுப்பில் உட்காரவைத்தால், "இருபது வருசம் ஓட்டினவனுக்கு இவன் பாடம் எடுக்கிறான்" என்று அடுத்த மாதமே வேறு ஷெட்டுக்குப் போய்விடுவார்கள். யார் எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் முதல் வேலை.

முதல் படி: ஒரு மாதம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

டிரிப் ஷீட்டை ஒழுங்குபடுத்துங்கள். வண்டி எண், டிரைவர், வழி, ஏற்றிய எடை, திரும்பும்போது காலியா லோடா, ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் எத்தனை மணி நேரம் நின்றது, டீசல் எவ்வளவு. டீசல் கணக்கை டேங்க் வாய்வரை நிரப்பி, அடுத்த முறை மறுபடி வாய்வரை நிரப்பும்போது போட்ட லிட்டரை வைத்துத்தான் போட வேண்டும். டேஷ்போர்டு முள்ளை நம்பிக் கணக்குப் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

ஒப்பிடும்போது ஒரே வழி, ஏறக்குறைய ஒரே எடை என்று பார்த்து ஒப்பிடுங்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்குள். சிமென்ட்டோடு மேலே ஏறிய வண்டியையும் காலியாகக் கீழே இறங்கிய வண்டியையும் பக்கத்தில் வைத்து, "அவன் கொடுக்கிறான், உன்னால முடியலையா" என்று கேட்டால் டிரைவர்கள் மத்தியில் உங்கள் மதிப்பு அன்றைக்கே போய்விடும்.

சந்தேகம் வந்தால், மைலேஜ் நன்றாக வருகிற டிரைவரையும் வராத டிரைவரையும் இரண்டு மூன்று டிரிப்புகளுக்கு வண்டி மாற்றி அனுப்பிப் பாருங்கள். குறைந்த மைலேஜ் வண்டியோடு போனால், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, வீல் அலைன்மென்ட் எப்படி என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவரோடு போனால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே டிரைவரை மாற்றிய ஷெட்கள் நிறைய உண்டு. புது டிரைவர் வந்தும் மைலேஜ் அதே இடத்தில் நிற்கும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், உதாரணத்துக்கு மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 2,000 லிட்டர் டீசல் குடிக்கும். 4.3 கொடுத்தால் 1,860 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே ஒரு வண்டிக்கு மாதம் 12,500 ரூபாய் வித்தியாசம். டிரைவர் காலில் இருக்கிற காசு இது.

இரண்டாம் படி: தெரியவில்லையா, வரவில்லையா, மனசில்லையா

எளிய வழி ஒன்று சொல்கிறேன். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து போகிற அன்றைக்கு அந்த டிரைவர் எப்படி ஓட்டுகிறார்? அன்று கியர் சரியாக விழுகிறது, வேகம் சீராக இருக்கிறது, மைலேஜும் வருகிறது என்றால் அவருக்கு வேலை தெரியும். மற்ற நாட்களில் ஏன் செய்வதில்லை என்பதுதான் நீங்கள் தேட வேண்டியது. முதலாளி உட்கார்ந்திருந்தும் அதே மைலேஜ், அதே தடுமாற்றம் என்றால் பயிற்சி தேவை. அவரைத் திட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

இந்த மூன்றிலும் சேராத ஒரு காரணமும் உண்டு. நீங்கள் போட்ட நேரக்கணக்கே தப்பாக இருக்கலாம். நாமக்கல்லிலிருந்து மும்பைக்கு 1,200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். சரக்கு வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கிலோமீட்டருக்கு மேல் விடாது. ஏற்றம், ஊர், டோல்கேட் எல்லாம் சேர்த்துச் சராசரி 45 கிலோமீட்டர் என்று போட்டால் ஸ்டியரிங் பிடிக்கிற நேரம் மட்டும் சுமார் 27 மணி. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் டிரைவருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேர வேலைக்கு அப்புறம் குறைந்தது அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. அந்தக் கணக்கில் ஒற்றை டிரைவருக்கு இது நான்காவது நாள் போய்ச் சேரும் லோடு. "நாளை மறுநாள் காலையில் இறங்கணும்" என்று பார்ட்டியிடம் (லோடு கொடுத்தவரிடம்) வாக்குக் கொடுத்துவிட்டு டிரைவரைக் குறை சொன்னால் எப்படி? ஒன்று, இன்னொரு டிரைவரைக் கூட ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் வாக்கை மாற்றுங்கள். தூக்கத்தைப் பயிற்சியாலோ ஊக்கத்தாலோ ஜெயிக்க முடியாது. அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணிவரை உடம்பு தானாகச் சொக்கும், எவ்வளவு கெட்டிக்காரருக்கும்.

மூன்றாம் படி: பக்கத்தில் உட்கார்ந்து போங்கள்

லைசென்ஸ் நகல் ஒருவருடைய திறமையைக் காட்டாது. இலகுரக லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆனால்தான் போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் கிடைக்கும், வயது 20 ஆகியிருக்க வேண்டும். சட்டம் கேட்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். முப்பது டன் பாரத்தோடு இறக்கத்தில் வளைவு திரும்புவது எப்படி என்று அந்தத் தேர்வில் யாரும் பார்ப்பதில்லை.

முன்பு அதற்குத் தனியாக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது: கிளீனர் வேலை. பையன் கிளீனராகச் சேர்ந்து, தார்ப்பாய் கட்டி, கயிறு இறுக்கி, டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றைக் கண்டுபிடித்து, ஆயில் பார்த்து, ஷெட்டுக்குள் வண்டியைப் பின்னால் எடுத்து, காலி ரோட்டில் அண்ணன் தூங்கும்போது கொஞ்சம் ஓட்டி, வருசக்கணக்கில் டிரைவராக ஆவான். அதில் அடியும் வசவும் இருந்தது, சட்டத்துக்குப் புறம்பானதும் இருந்தது. அது திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செலவு கட்டுப்படியாகாமல் பல ஷெட்கள் கிளீனரை எடுத்துவிட்டபோது, காசு செலவில்லாமல் நடந்துகொண்டிருந்த பயிற்சியும் கூடவே போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. இன்றைக்குப் புது டிரைவரிடம் நீங்கள் பார்க்கிற குறைகளில் பாதி அங்கிருந்து வருகிறது.

அதனால் புதிதாகச் சேருகிறவரோடு ஒரு முழு டிரிப் நீங்களோ மூத்த டிரைவர் ஒருவரோ போக வேண்டும். கிளம்புமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறாரா என்று பாருங்கள். பிரேக்குக்கான ஏர் ஏறும்வரை காத்திருக்கிறாரா? இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் பச்சைப் பட்டைக்குள் நிற்கிறதா? முன்னால் சிக்னல் தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறாரா, அல்லது கிட்டே போய் பிரேக்கை மிதிக்கிறாரா? கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாரா? பின்னால் எடுக்கும்போது இறங்கிப் பார்க்கிறாரா? வாயைத் திறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். வழியிலேயே திருத்த ஆரம்பித்தால் அப்புறம் அவர் உங்களுக்காக ஓட்டுவார், வழக்கமாக ஓட்டுவதைக் காட்டமாட்டார்.

அனுபவம் அதிகம் உள்ளவரையும் இதிலிருந்து விட்டுவிடாதீர்கள். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில், பழைய வண்டியில் இல்லாத வேலைகள் இருக்கின்றன. புகையைச் சுத்தப்படுத்த ஊற்றுகிற, டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் திரவம் தீர்ந்தாலோ, கலப்படமானதை ஊற்றினாலோ வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும். புகைக்குழாய் வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளச் சொல்லி விளக்கு எரியும்போது அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் வண்டி கம்பெனி சர்வீஸில் போய் நிற்கும். இருபத்தைந்து வருசம் லாரி ஓட்டியவர் அந்த விளக்கைப் பார்த்து, "இது எப்பவும் எரியும்" என்று சொன்னால் அவருடைய அனுபவத்தைச் சந்தேகப்படாதீர்கள். யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் படி: பயிற்சியைச் சின்னதாக வையுங்கள்

மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, ஒரு நாள் முழுக்கப் பேசி, பிரியாணி போட்டு அனுப்பும் பயிற்சியால் போட்டோ மட்டும்தான் மிச்சம். டிரைவர் ஷெட்டுக்கு வந்து லோடுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரம் போதும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம். வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்து, வண்டிக்குள் உட்கார்ந்து, அவர் கையாலேயே செய்யவைக்க வேண்டும். இன்று யூரியா விளக்கு, அடுத்த முறை டயர் தேய்மானம். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு என்று உங்கள் ஷெட்டில் கழற்றிப் போட்ட டயரையே காட்டிச் சொல்லலாம்.

சொல்லிக்கொடுக்கும் ஆள் முக்கியம். ஷெட்டிலேயே நல்ல மைலேஜ் எடுக்கிற, மற்றவர்கள் "அண்ணே" என்று மதிக்கிற மூத்த டிரைவர் ஒருவர் இருப்பார். அவரைக் கேளுங்கள், அந்த நாளுக்கு அவருக்குப் பேட்டா (தினப்படி) கொடுங்கள். சும்மா சொல்லிக்கொடுக்கச் சொன்னால் இரண்டாவது தடவை வரமாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது.

அடிப்படையே தெரியாத இளைஞர்களுக்கு வெளிப் பயிற்சி வேண்டும். நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் டிரைவர் பயிற்சி நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சி மையம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் ஷெட்டில் கேஸ் டேங்கர் ஓடுகிறது என்றால் (நாமக்கல்லில் அது பெரிய தொழில்) அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான குறிப்பும் சட்டப்படியே கட்டாயம். சான்றிதழ் வாங்கி வந்தவரிடம், "வால்வு கசிந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைத் தேடினால் பயிற்சி சான்றிதழோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தாம் படி: போனஸ் போடுங்கள், ஆனால் தொப்பூரை நினைத்துப் போடுங்கள்

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தை லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அங்கே திரும்பத் திரும்ப நடக்கும் விபத்துகளுக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, டீசலை மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்குவது. கியரில் இல்லாத பாரவண்டியை நிறுத்த பிரேக்கைத் தவிர வேறு எதுவும் கிடையாது. நீளமான இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் லைனர் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். மிச்சம் பிடிக்கிற ஆசையில் இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கு ஏர் கொடுக்கும் கம்ப்ரசர் நின்றுவிடும், மிதிக்க மிதிக்க ஏர் இறங்கும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

இப்போது உங்கள் மைலேஜ் போனஸை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். "லிட்டருக்கு இவ்வளவு வந்தால் இவ்வளவு பணம்" என்று மட்டும் சொன்னால், சரியாக ஓட்டத் தெரியாதவர் அந்தப் பணத்துக்கு எட்டும் ஒரே வழியாக நியூட்ரலைத்தான் நினைப்பார். ஊக்கம் கூடியிருக்கிறது, ஆபத்தும் கூடியிருக்கிறது. திறமை இல்லாத இடத்தில் ஊக்கத்தை மட்டும் ஏற்றினால் இதுதான் நடக்கும். அதனால்தான் போனஸை ஐந்தாவது படியில் வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நியூட்ரலில் அந்தச் சேமிப்பே கிடைப்பதில்லை. டீசலை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் இன்றைய 'காமன் ரயில்' இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் ஓடுவதற்கு டீசல் குடித்துக்கொண்டிருக்கும். உடனடி மைலேஜ் காட்டும் டேஷ்போர்டு உள்ள வண்டியில் இறக்கத்தில் இதை ஒரு முறை காட்டிவிடுங்கள். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது, கூடவே எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைவழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போடுவது என்ற பழைய பாடம் அன்றைக்கு உறைக்கும். நூறு தடவை "நியூட்ரல் போடாதே" என்று எச்சரித்தும் நடக்காதது, காசு மிச்சமாகவில்லை என்று கண்ணால் பார்த்ததும் நடக்கும்.

போனஸ் போடும்போது கவனிக்க வேண்டியவை. ஒவ்வொரு வழிக்கும் எடைக்கும் தனித்தனி இலக்கு வையுங்கள். முதல் மாதம் எழுதிய கணக்கு இங்கேதான் உதவும். இலக்கு நடுத்தர டிரைவருக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் மட்டும் வாங்குவார்கள், மற்றவர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். ஜி.பி.எஸ். இருந்தால் நியூட்ரல் ஓட்டம், அதிவேகம், திடீர் பிரேக் ஆகியவற்றைப் பார்த்து, அவை இருந்தால் அந்த டிரிப்புக்குப் போனஸ் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வண்டிக் கோளாறால் மைலேஜ் குறைந்தால் அந்த டிரிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்குப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது தூக்கத்தை விலைக்கு வாங்குவது. ஓவர்லோடு ஏற்றிவந்ததற்குக் கூடுதல் பேட்டா கொடுக்கிற பழக்கம் உங்கள் ஷெட்டில் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000.

போனஸைச் சம்பளத்தோடு கலக்காமல் தனியாக, கணக்குச் சீட்டோடு கையில் கொடுங்கள். எதற்கு வந்தது என்று தெரியாத பணம் இரண்டு மாதத்தில் சம்பளமாகவே ஆகிவிடும்.

ஆறாம் படி: மனசை உடைக்கிறவற்றை எடுத்துவிடுங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்ன ஒரு பிரிவினை இங்கே உதவும். சம்பளம், வேலைச் சூழல், மேலாளர் நடத்தும் விதம் போன்றவை கெட்டுப்போனால் ஆளை வெறுக்கவைக்கும், ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே பெரிய உற்சாகம் வந்துவிடாது என்றார் அவர். லாரி ஷெட்டில் அதன் அர்த்தம்: வெறுப்பேற்றுகிறவற்றை எடுக்காமல் மேலே போடுகிற போனஸ் எல்லாம் வீண்.

டிரைவர்கள் எதில் வெறுத்துப்போகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சம்பளத் தொகை முதலில் வராது. இறக்குமிடத்தில் இரண்டு நாள் நிற்கவைத்துவிட்டு அந்த நாட்களுக்குப் பேட்டா இல்லை என்பது வரும். பார்ட்டியிடம் ஹால்ட்டிங் பணம் (வண்டி காத்து நின்றதற்கான பணம்) வாங்கிக்கொண்டு டிரைவருக்குக் கொடுக்காத ஷெட் எது என்று ஊர் முழுக்கத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை "எங்கே இருக்கே" என்று போன் அடிப்பது வரும். ஜி.பி.எஸ்ஸில் பார்க்க முடிகிற விஷயத்துக்கு, ஓட்டிக்கொண்டிருப்பவரை ஏன் கூப்பிட வேண்டும்? போலீஸ் மடக்கினால், டயர் வெடித்தால், "உன்னால்தான்" என்று ஆரம்பிக்கும் குரலும் வரும்.

அப்புறம் வீடு. குலதெய்வத் திருவிழா, பிள்ளைக்குக் காதுகுத்து, பொங்கல் என்று அவர் கேட்கும் நாள் ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்ததுதான். அந்த நாளைச் சுவரில் தொங்கும் காலண்டரில் அவர் கண் முன்னால் எழுதி, அதற்கேற்ற லோடாகப் பார்த்து அனுப்புங்கள். லாரி டிரைவர் என்றாலே பெண் கொடுக்க யோசிக்கிற காலம் இது. சொந்தப் பிள்ளையை இந்தத் தொழிலுக்கு விடமாட்டேன் என்று சொல்லாத டிரைவரைப் பார்ப்பது கஷ்டம். சொன்ன தேதியில் வீட்டில் இறக்கிவிடும் ஷெட்டுக்குச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஆள் நிற்கிறார்கள்.

பெரிய அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது பழைய வழி. எனக்கு அது பிடிக்காது. கடனுக்காக நிற்கிறவர் உங்கள் வண்டியை எப்படி ஓட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். வழியில் டீசல் எடுத்து விற்கிறவர்களில் சிலர் பழக்கத்தால் செய்கிறார்கள், சிலர் அட்வான்ஸ் பிடித்ததுபோக மீதி பற்றாமல் செய்கிறார்கள். இரண்டாவது வகையினரைப் பேசித் திருப்ப முடியும்.

கண் பரிசோதனையையும் மறக்காதீர்கள். நாற்பது தாண்டியவர்களில் இரவில் எதிர்வண்டி வெளிச்சம் தாங்காமல் தடுமாறுகிறவர்கள் இருப்பார்கள். வேலை போய்விடும் என்று வெளியே சொல்லமாட்டார்கள். கண்ணாடிச் செலவு ஷெட்டுடையது, கண்ணாடி போட்டதற்காக யாரையும் வேலையைவிட்டு எடுக்கமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு எல்லாரையும் சேர்த்து அழைத்துப் போங்கள்.

ஏழாம் படி: மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்

பழைய டிரிப் ஷீட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, அதே வழி, அதே எடையில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். மைலேஜ் மட்டும் போதாது. பிரேக் லைனர் எத்தனை கிலோமீட்டர் வந்தது, டயர் எவ்வளவு ஓடியது, சரக்கு சேதம், அபராதச் சீட்டு, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதையும் சேருங்கள். மைலேஜ் எப்படி இருந்தாலும், லைனர் சீக்கிரம் போக ஆரம்பித்திருந்தால் யாரோ இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறாரா என்று பாருங்கள்.

பயிற்சி கொடுத்தும், வெறுப்பேற்றியவற்றை எடுத்தும், இன்னும் தேறாதவர் ஒருவர் இருவர் இருப்பார்கள். நெடுந்தூரம் ஒத்துவராத சிலர் உள்ளூர் லோடுக்கு மாற்றினால் நன்றாக ஓட்டுவார்கள், மாற்றிப் பாருங்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, அன்றைக்கே சாவியை வாங்கிவிடுங்கள். வழி மாறினால், புது மாடல் வண்டி வந்தால், புதுப் பார்ட்டியின் சரக்கு சேர்ந்தால் இலக்குகளைத் திருப்பிப் போட வேண்டும். புது இலக்கை அறிவிப்பதற்கு முன்னால், ஷெட்டில் அதிக மைலேஜ் எடுக்கிறவரிடமும் குறைவாக எடுக்கிறவரிடமும் அந்தச் சீட்டைக் காட்டி, "இது எட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.